மடைக்கு வெளியே, மடைக்கு உள்ளே: கெர்னல் ஹெட்டரின் கதை

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் கணினி வந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது அது.

லினக்ஸில் ஒரு வைஃபை டிரைவரை நாமே கம்பைல் பண்ணப் போனா, அது முதல்ல கேக்குறது கெர்னல் ஹெட்டரைத்தான். ஹெட்டரை இறக்க நெட் வேணும். நெட் வர டிரைவர் வேணும். அப்போ எங்க போறது?

ஹெட்டர் என்பது கெர்னலோடு பேசும் முறையை எழுதி வைத்த கோப்பு. நம்ம கண்மாயை நினைச்சுக்குங்க. வயல்காரருக்கு மடை எங்கே, எப்போ திறக்கும்னு தெரிஞ்சாப் போதும். மடையைப் பழுது பாக்குறவருக்கு உள்கட்டுமானமும் தெரியணும். சாதாரண நிரல் வயல்காரர். டிரைவர் பழுது பாக்குறவர்.

ஆரம்பத்தில் இந்த ரெண்டும் பிரிக்கப்படவில்லை. 1990களில் நிரல்கள் படிக்கும் ஹெட்டர் அடைவு, கெர்னல் மூலநிரலுக்கே நேராக இணைக்கப்பட்டிருந்தது. மூலநிரலை மாத்தினா ஹெட்டரும் மாறிடும். ஆனா சி நூலகம் பழைய ஹெட்டரை வச்சுக் கட்டினதா இருக்கும். இந்த இணைப்பு தப்பு, சி நூலகம் எந்த ஹெட்டரில் கட்டப்பட்டதோ அதுதான் அங்கே இருக்கணும் என்று 2000இல் லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்னார். அப்புறம் விநியோகங்கள் தனிப் பிரதியைக் கையால் சுத்தம் செய்து பராமரித்தன. 2006இல், 2.6.18 பதிப்பில், டேவிட் வுட்ஹவுஸின் உழைப்பால் கெர்னலே வெளியாருக்கான ஹெட்டரைப் பிரித்துத் தர ஆரம்பித்தது. 2012 டிசம்பரில் வந்த 3.7இல் டேவிட் ஹவல்ஸ் அவற்றைத் தனி அடைவுகளுக்கே நகர்த்தினார்.

டெபியனிலும் இதற்கு ரெண்டு பேக்கேஜ். நிரல்களுக்கான ஹெட்டர் கொஞ்சம் பழசானாலும் பரவாயில்லை. வெளியே கொடுத்த வாக்கைக் கெர்னல் மீறாது. டிரைவருக்கான ஹெட்டர் அப்படியில்லை. உள்ளே எதுவும் எப்பவும் மாறலாம் என்பதால், ஓடுகிற கெர்னலின் பதிப்போடு அச்சு அசலாகப் பொருந்தணும். கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானாகக் கட்டித் தரும் டிகேஎம்எஸ்ஸுக்கும் அந்த ஹெட்டர் வேணும்.

மூலநிரல் திறந்திருக்கு என்பது பெரிய விஷயம்தான். ஆனால் நெட் எட்டாத ஊரில், பொருந்துகிற ஹெட்டரும் கணினியோடு சேர்ந்து வந்தால்தான் அந்தத் திறப்பு ஒரு பிள்ளைக்குக் கைகொடுக்கும்.