இரு பல்கார் அரசர்கள்

இப்னு பழ்லானின் பயணக் குறிப்பை முதன்முதலில் வாசித்தபோது கொஞ்சம் தடுமாறித்தான் போனேன். 921இல் கலீபா அல்முக்ததிரின் தூதுக்குழுவோடு பக்தாதிலிருந்து புறப்பட்டவர், மறு ஆண்டு போய்ச் சேர்ந்தது வொல்கா ஆற்றங்கரையிலிருந்த பல்கார்களிடம். மார்க்கம் கற்பிக்க ஆள் கேட்டு எழுதியிருந்தான் அவர்களது அரசன். ஆனால் பல்கேரியா என்பது கிரேக்கத்துக்கு வடக்கேயுள்ள கிறிஸ்தவ நாடல்லவா?

தேடிப் பார்த்தால் வேர் ஒன்றுதான். 7ஆம் நூற்றாண்டில் கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த பல்கார்கள் துருக்கிய மொழியினர். கஸர்கள் நெருக்கவே சிதறினார்கள். ஒரு பகுதியினர் வொல்காப் பக்கம் போனார்கள். அஸ்பாரூஹின் கூட்டம் தன்யூப் ஆற்றைக் கடந்தது. 681இல் பைசாந்தியம் அவர்களுக்குக் கப்பம் கட்டச் சம்மதித்தது. அங்கே ஸ்லாவியர் முன்பே குடியிருந்தார்கள், தொகையிலும் அதிகம். ஆண்டது பல்கார், நிலைத்தது ஸ்லாவிய மொழி. ஆண்டவர்கள் விட்டுச்சென்றது பெயரைத்தான்.

சேர்பியர் விடயம் வேறு. அவர்களது வருகையைச் சொல்லும் பைசாந்திய நூல் சுமார் 300 ஆண்டுகள் பிந்தியது. அது சேர்பியர் என்ற பெயருக்கே ‘அடிமைகள்’ என்று பொருள் சொல்கிறது! பேரரசின் மேட்டிமை, வேறென்ன? 9ஆம் நூற்றாண்டில் பல்கேரியர் படையெடுத்தபோது விளஸ்திமிர் எதிர்த்து நின்றான். அயலிலிருந்து விழுந்த அந்த அடிதான் சேர்பியக் குலங்களை ஒன்றாக்கியது என்பது என் எண்ணம்.

864 அளவில் பல்கேரிய அரசன் பொரிஸ் ஞானஸ்நானம் பெற்றான். எதிர்த்துக் கிளர்ந்த 52 பிரபுக்களைக் கொன்றான். பிறகு பாப்பரசர் முதலாம் நிக்கலஸிடம் கேள்விகளை அனுப்பினான். 866இல் 106 பதில்கள் வந்தன. காற்சட்டை அணியலாமா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். அதற்குத் தடையில்லை. ஆனால் முஸ்லிம்களிடமிருந்து கிடைத்த நூல்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு, எரித்துவிடுங்கள் என்று பதில். என்ன நூல்களோ! அந்த வரியை என்னால் இலகுவாகத் தாண்டிப்போக முடியவில்லை.

886இல் மெதோடியஸின் சீடர்கள் வந்த பின்னர், வழிபாடும் கல்வியும் ஸ்லாவிய மொழிக்கு மாறின. துருக்கியப் பெயரோடு ஸ்லாவிய மொழி பேசும் ஒரு மக்கள் உருவானது இப்படித்தான்.

ஞானஸ்நானத்தின்போது பொரிஸ் சூடிக்கொண்டது பைசாந்தியப் பேரரசனின் பெயர்: மிகாயேல். அரை நூற்றாண்டு கழித்து வொல்கா அரசன் இப்னு பழ்லானிடம் கலீபாவின் பெயரைக் கேட்டான். ஜஃபர் என்றார். தனக்கும் அதையே சூட்டிக்கொண்டு, குத்பாவில் அப்படியே ஓதச் சொன்னான்: ஜஃபர் இப்னு அப்துல்லாஹ், பல்காரின் அமீர்.