மாம்பலப் பாலமும் மறைமலை அடிகள் பாலமும்

பழம்பாலங்களைப் பற்றிய பேச்செழுந்தால் ஐரோப்பிய நகரங்களே பலர் நினைவுக்கு வருகின்றன. செக் நாட்டின் தலைநகராகிய பிராகாவில், வல்தாவா ஆற்றின் மீது நிற்கும் சார்லசு பாலம் அவற்றுள் புகழ்பெற்றது. அங்கிருந்த பழைய கற்பாலம் 1342ஆம் ஆண்டு வெள்ளத்தில் சிதைந்தது. பின்னர் மன்னர் நான்காம் சார்லசு 1357இல் புதிய பாலத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1890ஆம் ஆண்டு வெள்ளம் அதன் வளைவுகள் சிலவற்றை இடித்தபோதும் நகரத்தார் அதைக் கைவிடாது செப்பனிட்டுக் கொண்டனர். பழைய நகரின் அடையாளமாக அப்பாலம் இன்றும் விளங்குகின்றது.

அத்தகைய வரலாறு உடைய பாலம் ஒன்று தமிழகத்திலும் உண்டு. செங்கற்பட்டிலிருந்து மறைமலைநகர், தாம்பரம், பல்லாவரம் வழியாகச் சென்னை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கின்றது. அங்குள்ள பாலத்தின் பெயர் மறைமலை அடிகள் பாலம். அதற்கு முன் அவ்விடத்தில் நின்ற பாலத்தை ஆங்கிலேயர் 'மர்மலாங் பாலம்' என்றனர். மாம்பலம் என்னும் ஊர்ப்பெயரே அவர்கள் நாவில் இவ்வாறு திரிந்தது.

அப்பழைய பாலத்தை அமைத்தவர் அரசரும் அல்லர். கும்பினி ஆளுநரும் அல்லர். கோஜா பெட்ரசு உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் அவர். பாரசீகத்தின் இசுபகான் நகரை அடுத்த ஜூல்பா அவருடைய ஊர். மணிலா வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிச் சென்னையில் குடியமர்ந்தவர். புனித தோமையாரின் நினைவைப் போற்றும் பரங்கிமலைக்குச் செல்லும் அடியார்கள் அடையாற்றைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. அவர்கள் இடரின்றிச் செல்லுமாறு 1726ஆம் ஆண்டில் பல வளைவுகளைக் கொண்ட பாலத்தைத் தம் சொந்தப் பொருளால் கட்டுவித்தார். மலைமீது ஏறுவதற்குப் படிகளும் அமைத்தார். பாலத்திற்கான செலவு 30,000 வராகன் என்பர்.

அவருடைய கொடையில் கருதத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. பாலத்தைக் கட்டியதோடு அமையாது, அதனைக் காலந்தோறும் பழுதுபார்ப்பதற்கென 1,500 வராகனைத் தனியே முதலாக வைத்தார். கோயிலுக்கு விளக்கெரிக்க நிலம் விட்ட தமிழ்நாட்டு அறக்கட்டளை மரபோடு இச்செயல் ஒத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது உஸ்கான் அவர்கள் பக்கம் சேர மறுத்தார். அதனால் நகரிலிருந்த அவருடைய உடைமைகள் பறிபோயின. 1749இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1751இல் உஸ்கான் மறைந்தார். உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் விரும்பியவாறே இதயம் மட்டும் பிறந்த ஊராகிய ஜூல்பாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது என்பர்.

அடியார்களுக்காக எழுந்த பாலம், பரங்கிமலையில் படைநிலையம் ஏற்பட்டபின் படைகளுக்கும் வழியாயிற்று. நாளடைவில் தெற்கேயிருந்து தலைநகர் வருவோர் அனைவர்க்கும் பொதுவாயிற்று. போக்குவரத்துப் பெருகவே, 1960களில் பழைய பாலம் அகன்று புதிய பாலம் எழுந்தது. 2015 திசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது இப்பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நகர வாழ்வு ஒரு பாலத்தை எவ்வளவு சார்ந்துள்ளது என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

புதிய பாலத்திற்கு மறைமலை அடிகளின் பெயர் வாய்த்தது பொருத்தமே. நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்து, 1911இல் அப்பணி நீங்கியபின் பல்லாவரத்தில் வாழ்ந்து, 1950இல் மறைந்தவர் அவர். பிறமொழிக் கலப்பின்றித் தமிழ் இயங்க வல்லது என்பதை எழுதிக் காட்டியவர். சென்னையின் நெரிசலைக் குறைப்பதற்குத் திட்டமிட்ட துணைநகரும் அவர் பெயரையே தாங்கி, அதே சாலையில் அமைந்துள்ளது.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகின்றது. பழைய பாலத்தின் நினைவுக்கல்லில் ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் என்னும் மூன்று மொழிகள் இடம்பெற்றன, தமிழ் இடம்பெறவில்லை. பாலத்தைக் கடந்து சென்ற உழவரும் வணிகரும் அதனைப் படித்திருக்க இயலாது. பாலம் அனைவர்க்கும் பயன்பட்டது. அதன் வரலாறோ அறிந்தோர் சிலரிடத்தே தங்கிவிட்டது. கல்லைக் காட்டிலும் நெடிது வாழவேண்டிய நினைவு, மக்கள் மொழியில் எழுதப்படாமையால் மங்கிற்று.

உஸ்கானின் பெயரும் கொடையும் நல்ல தமிழில் பொறிக்கப்பெற்று அப்பாலத்தருகே நிலைபெறுதல் வேண்டும். தமிழுக்கு உழைத்த அடிகளின் பெயர் தாங்கும் இடத்தில், அயல்நாட்டிலிருந்து வந்து தமிழ் மண்ணுக்கு அறம் செய்தவரின் வரலாறு தமிழில் நிற்பது, அவ்விருவர்க்கும் செய்யும் சிறப்பாகும்.