அடையாள அட்டையும் வாக்குரிமையும்: எந்த ஆவணம், யார் கையில்?

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளைச் சார்ந்திருந்தது. நிலமும் எழுத்தும் மறுக்கப்பட்ட மக்களில் பெரும்பாலோர் வெளியே நிறுத்தப்பட்டனர். 1928இலேயே சைமன் குழுவிடம் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கோரியவர் அண்ணல் அம்பேத்கர். இன்று அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் உறுப்பு அதை உறுதி செய்கிறது. சாதியின் பெயரால் எவரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கலாகாது என்கிறது 325ஆம் உறுப்பு. எனவே, வாக்குச்சாவடியில் கேட்கப்படும் எந்த ஆவணத்தையும் நாம் ஒரு கேள்வியால் அளக்க வேண்டும்: இது யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2011இல் இயற்றிய சட்டம் இதற்குத் தக்க சான்று. கைத்துப்பாக்கி உரிமத்தை அது அடையாளமாக ஏற்றது. மாணவர் அட்டையை ஏற்கவில்லை. சட்டத்தின் சொற்களில் இனம் இல்லை. ஆயினும் அதன் விளைவு கறுப்பின, லத்தீன வாக்காளர்களுக்குப் பாரபட்சமானது என 2016இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993இல், வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை அறிமுகமானது. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதே நோக்கம். ஆதிக்கச் சாதியினர் வாக்குச்சாவடிகளைக் கைப்பற்றிச் சேரி மக்களின் வாக்குகளைத் தாமே பதிவு செய்த வரலாற்றை அறிந்த நாம், இந்த அட்டையின் பாதுகாப்பை மறுக்கவில்லை. அட்டை இல்லையெனில், 2024 மக்களவைத் தேர்தலில் 12 மாற்று ஆவணங்கள் ஏற்கப்பட்டன. அவற்றுள் நூறு நாள் வேலைத்திட்ட அட்டை இருந்தது முக்கியமானது. நிலமற்ற கூலித்தொழிலாளியிடம் கடவுச்சீட்டோ ஓட்டுநர் உரிமமோ இருப்பது அரிது. வேலை அட்டை இருக்கக்கூடும்.

ஆயினும் இடைவெளிகள் உள்ளன. வாக்காளர் தகவல் சீட்டை மட்டும் காட்டி வாக்களிக்கும் வசதி 2019இல் நீக்கப்பட்டது. சாதி வன்முறையில் குடிசை எரியும்போது ஆவணங்களும் எரிகின்றன. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு இடம்பெயர்வோரின் பெயர்கள் பட்டியலிலிருந்தே நீங்கும் ஆபத்து உண்டு. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எந்த அட்டையும் பயன்படாது.

களப்பணியாளர்கள் அறிய வேண்டியவை:

• புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. திருத்தம், முகவரி மாற்றம், மாற்று அட்டை ஆகியவற்றுக்குப் படிவம் 8.

• அட்டையில் உள்ள சிறு எழுத்துப்பிழையைக் காட்டி வாக்காளரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

• ஒருவரின் அடையாளத்தை ஆட்சேபிக்கும் முகவர் 2 ரூபாய் கட்ட வேண்டும். விசாரித்து முடிவெடுப்பவர் வாக்குச்சாவடி தலைமை அலுவலர்.

• நம் வாக்கை வேறொருவர் போட்டிருந்தால், 49பி விதியின்படி ஆய்வுக்குரிய வாக்கைக் கோரலாம்.

• பட்டியலின, பழங்குடி மக்களை வாக்களிக்க விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எல்) பிரிவின்படி குற்றம்.

அடையாளம் கேட்கும் அரசு, அந்த அடையாளத்தை வீடு தேடிச் சென்று இலவசமாக வழங்கக் கடமைப்பட்டது. அச்சுமையை வாக்காளர் தலையில் ஏற்றினால், 1935இன் சொத்துத் தகுதி வேறு பெயரில் திரும்பி வரும்.