கரிக்கும் பூர்வீகம் உண்டு

விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் இப்போதெல்லாம் மொட்டை மாடியில் கம்பி அடுப்பு வைத்துக் கோழியும் சோளக்கதிரும் சுடுகிறார்கள். அதற்குக் கரி வாங்கும்போது நாம் விலையைப் பார்க்கிறோம். பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

குமுட்டி அடுப்புக் காலத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. சவுக்குக் கரி, கொட்டாங்குச்சிக் கரி என்று பெயரிலேயே பூர்வீகம் தெரிந்துவிடும். விறகை அடுக்கி, மேலே மண் பூசி, காற்றை அடக்கி மூட்டம் போடுவார்கள். ஈரமும் புகையும் போய்க் கரி மிஞ்சும். நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்று தமிழ்நாட்டுக் கரியில் பெரும்பங்கு வேலிகாத்தான். அமெரிக்கக் கண்டத்து மரமான இதை, 1870களில் வெள்ளைக்காரர்களின் வனத்துறை விறகுத் தேவைக்காகக் கடப்பைப் பக்கம் கொண்டுவந்தது. பிறகு நம் ஏரிகளையும் அது விடவில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் இதை மூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் அநேகர். ஏரிக்குக் கெடுதல் என்றாலும் அடுப்புக்கு நல்ல கரி. கனமானது, நின்று எரியும்.

அச்சில் வார்த்த கரிக்கட்டி வேறு சாதி. அதை 'பிரிக்கெட்' என்கிறார்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தச் சொல்லுக்குச் சின்னச் செங்கல் என்று பொருள். அமெரிக்காவில் 1897இல் ஸ்வாயர் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் ஹென்றி ஃபோர்டு, கார் செய்ய அறுத்த மரத்தின் கழிவையும் தூளையும் கரியாக்கி, மாவுப் பசையில் பிடித்துக் கட்டியாக விற்றார். வீணாவதைக் காசாக்கிய கெட்டிக்காரத்தனம்!

கழிவில் செய்ததால் குற்றமில்லை. கூடச் சேர்ப்பதைத்தான் பார்க்கவேண்டும். ஸ்டார்ச் என்றால் மாவுப் பசை, பயமில்லை. சில வகைகளில் நிலக்கரித் தூள், சாம்பல் வெளுக்கச் சுண்ணாம்புக்கல், அச்சிலிருந்து கழல வெண்காரம் எல்லாம் உண்டு. தீக்குச்சி வைத்ததும் பற்றும் கட்டியில் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெய் இருக்கும். சாம்பிராணிக்கு விற்கும் வில்லையில் வெடியுப்பு சேர்ப்பதுண்டு. அதில் சமைக்கவே கூடாது.

கோப்பைக் கடைசித் தாள்வரை பார்க்காமல் மேலே அனுப்பாத குமாஸ்தா புத்தி எனக்கு. பையைத் திருப்பி, பின்பக்கம் படியுங்கள். மரத்தின் பெயரோ, கொட்டாங்குச்சியும் ஸ்டார்ச்சும் மட்டுமோ இருந்தால் வாங்கலாம். ஒன்றுமே எழுதாத பையை வைத்துவிடுங்கள். பற்றவைத்தபின் மேலே வெண்சாம்பல் பூத்ததும் சுடுங்கள்.

ஒன்று மட்டும் எல்லாக் கரிக்கும் பொது. அது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பாரிஸில் எழுத்தாளர் எமிலி ஸோலா, புகைபோக்கி அடைபட்ட படுக்கையறையில் 1902இல் இறந்தது இந்த வாயுவால்தான். மழை வந்தால் சமையலை நிறுத்துங்கள். அடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.