வழி சொல்லக் கற்றுக்கொண்ட கருவிகள்

தெருவில் யாரிடமாவது வழி கேட்டால் "அறுநூறு மீட்டர் போய் வலது பக்கம் திரும்புங்க" என்று சொல்வதில்லை. "நேரா போனா ஒரு பெட்ரோல் பங்க் வரும், அதைத் தாண்டினதும் ரைட்ல திரும்புங்க" என்றுதான் சொல்வார்கள். காருக்குள் வைக்கும் வழிகாட்டிக் கருவி இப்படிப் பேச எண்பது வருடம் ஆனது!

அமெரிக்காவில் கார்கள் புதிதாக ஓடத் தொடங்கியபோது சாலைகளில் பெயர்ப்பலகைகள் அரிது. 1901 முதல் வெளிவந்த 'ஆட்டோமொபைல் ப்ளூ புக்' மைல் கணக்கோடு சர்ச், பாலம், ரயில்வே கிராசிங் என்று அடையாளமும் சொல்லி வழிகாட்டியது. ஆனால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கார் ஓட்ட முடியுமா? 1909-இல் 'ஜோன்ஸ் லைவ் மேப்' வந்தது. வழி அச்சிட்ட வட்டத் தட்டு, சக்கரத்தோடு கேபிளால் இணைக்கப்பட்டிருக்கும். கார் ஓட ஓடத் தட்டு சுழன்று அடுத்த திருப்பத்தைக் காட்டும். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் அவ்வளவுதான், தட்டு பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருக்கும்.

1981-இல் ஹோண்டா, ஜி.பி.எஸ். இல்லாமலே, திரைக்கு முன்னால் வரைபடத் தாளைச் செருகும் கருவியை ஜப்பானில் விற்றது. 1985-இல் அமெரிக்காவின் 'ஈடாக்' கருவி கேசட்டில் வரைபடத்தைக் கொடுத்தது. இரண்டுமே "நீ இருக்கும் இடம் இது" என்று காட்டின, வாய் திறந்து வழி சொல்லவில்லை. ஓட்டுபவர் சாலையை விட்டுத் திரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

1989-இல் எம்.ஐ.டி. மாணவர் ஜிம் டேவிஸ் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக 'பேக் சீட் டிரைவர்' என்ற கருவியை உருவாக்கினார். கணினி ஆய்வுக்கூடத்தில் இருக்கும், அதன் குரல் செல்போன் வழியாகக் காருக்கு வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர் எப்படி வழி சொல்வார் என்பதுதான் அவருக்கு முன்மாதிரி. அதனால் அது சிக்னலை அடையாளமாகச் சொல்லும். ஓட்டுபவர் தவறாகத் திரும்பினாலும் அவரைக் குறை சொல்லாமல், தான் சொல்ல வந்தது வேறு என்பதுபோல் பேசிப் புது வழி கொடுக்கும்.

கடைக்கு வந்த கருவிகளோ பெரும்பாலும் "முந்நூறு மீட்டரில் திரும்பவும்" என்றே பேசின. காரணம் எளிது. வரைபடத் தகவலில் தெருவின் பெயரும் நீளமும் இருந்தன. மூலைக் கடை இல்லை. தெருவின் நீளம் மாறாது. கடை மூடப்படும், மரம் வெட்டப்படும். அடையாளங்களைச் சேர்ப்பதைவிட அவற்றைத் தொடர்ந்து சரிபார்ப்பதுதான் பெரிய செலவு.

இந்தியாவில் இந்தக் கணக்கு எடுபடவில்லை. பல தெருக்களின் பெயர் அங்கே குடியிருப்பவர்களுக்கே தெரியாது. மக்கள் எப்படி வழி சொல்கிறார்கள் என்று ஆராய்ந்த கூகுள், 2009 டிசம்பரில் இந்திய வரைபடத்தில் அடையாளங்களைச் சேர்த்து வழி சொல்ல ஆரம்பித்தது. ப்ளூ புக் அச்சில் செய்ததைக் கணினி திரும்பச் செய்தது. ஒரே வித்தியாசம், ப்ளூ புக்கில் இருக்கும் மரம் விழுந்துவிட்டால் அடுத்த பதிப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டும்.