ஆஞ்சியோவுக்கு முன்னும் பின்னும்

அமெரிக்காவின் க்ளீவ்லேண்ட் நகரில், 1935-ல், கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் நெஞ்சுவலிக்குச் செய்த சிகிச்சையைப் படித்தால் இன்று மிரட்சியாக இருக்கும். இதயத்தின் மேற்பரப்பைச் சுரண்டிப் புண்ணாக்கி, மார்புச் சதையை அதன்மேல் வைத்துத் தைத்தார். புண் ஆறும்போது சதையிலிருந்து புதிய ரத்தக் குழாய்கள் இதயத்துக்குள் இறங்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள் சில மில்லிமீட்டர் அகலம்தான். உயிரோடிருப்பவருக்கு எந்தக் குழாயில் எந்த இடத்தில் அடைப்பு என்று துல்லியமாகக் காட்ட அன்று வழியில்லை. இருட்டில் கை வைத்தார்கள்.

அந்த இருட்டின் ஆழம் 1959-ல் தெரிந்தது. மார்பின் உட்புறத் தமனிகளைக் கட்டிவிட்டால் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் என்று நம்பிப் பலர் அறுவை செய்துகொண்டிருந்த காலம். சியாட்டிலில் லெனார்டு காப் குழுவினர் 17 பேரை எடுத்து, ஒரு பிரிவினருக்குத் தமனியைக் கட்டினார்கள். மற்றவர்களுக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. வலி குறைந்தது என்றவர்கள் இரு பிரிவிலும் இருந்தார்கள்! (நோயாளிகளுக்கு முழு விவரம் சொல்லப்படவில்லை என்பது இன்று உறுத்துகிறது.) அந்தச் சிகிச்சை சீக்கிரமே வழக்கொழிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே க்ளீவ்லேண்ட் கிளினிக்கின் அடித்தளத்தில் விளக்கு எரிந்துவிட்டது, அதுவும் தற்செயலாக. 1958 அக்டோபர் 30 அன்று மேசன் சோன்ஸ், வால்வு பழுதான 26 வயது இளைஞர் ஒருவரின் மகாதமனியைப் படமெடுக்க முயன்றார். அதற்காக உள்ளே செலுத்திய குழாயின் நுனி நழுவி வலது கரோனரிக்குள் போய்விட, மகாதமனிக்கான சாய மருந்து அதற்குள் பாய்ந்தது. அப்படி நடந்தால் ஆள் பிழைக்க மாட்டார் என்பதே அன்றைய மருத்துவர்களின் எண்ணம். இதயம் நின்றது. மார்பைத் திறக்க வேண்டியிருக்கும் என்று பயந்த சோன்ஸ், இளைஞரை இருமச் சொல்லிக் கத்தினார். சில இருமல்களில் துடிப்பு திரும்பியது. திரையில் அந்தக் கரோனரி தெளிவாகத் தெரிந்திருந்தது. குறைந்த அளவு மருந்தை வேண்டுமென்றே செலுத்திப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஆஞ்சியோ பிறந்த கதை இது.

1962-ல் அங்கே வந்து சேர்ந்தவர் ரெனே ஃபவலோரோ. அர்ஜென்டினாவின் ஹசிந்தோ அராவுஸ் என்ற சிற்றூரில் 12 ஆண்டுகள் ஊர் டாக்டராக இருந்தவர். மாலை வேளைகளில் சோன்ஸின் படச்சுருள்களை ஓட்டிப் பார்ப்பதே அவருக்கு வேலை. 1967 மே மாதம், வலது கரோனரி முழுக்க அடைத்திருந்த 51 வயதுப் பெண்ணுக்குக் காலிலிருந்து எடுத்த சிரையை வைத்து ரத்தத்துக்குப் புதிய பாதை போட்டார். ரத்தம் ஓடுகிறதா என்று சில நாட்களில் ஆஞ்சியோவே சாட்சி சொன்னது. லெனின்கிராடில் கோலெசோவ் என்ற அறுவை மருத்துவர் 1964-லேயே மார்புத் தமனியைக் கரோனரியோடு இணைத்திருந்ததால், ‘முதல்’ பட்டத்துக்குப் போட்டி உண்டு. ஆனால் பைபாஸ் உலகெங்கும் பரவியது க்ளீவ்லேண்டிலிருந்துதான். 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார்.

பைபாஸ் காப்பாற்றுவது ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் தசையை; செத்துத் தழும்பாகிவிட்ட தசையை அல்ல. எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்கள் அதையும் மீட்கும் என்று 2001-ல் எலிகளை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தபோது பெரிய பரபரப்பு. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அது கைகூடவில்லை. அந்த ஆய்வை நடத்தியவரின் ஆய்வகக் கட்டுரைகளில் 31-ஐத் திரும்பப் பெறும்படி 2018-ல் ஹார்வர்டு கேட்டுக்கொண்டது.