முத்துக்கு ஒரு சிப்பி, உணவுக்கு ஒரு சிப்பி

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் நாம் குடிபுகுந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. பணி எவ்வூருக்கு அனுப்புகிறதோ அவ்வூரில் வாழ்வது மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர்க்கு விதித்த விதி. ஆயினும் அயலூரில் இருக்கிறோம் என்னும் எண்ணம் இங்கு நம்மை மிகுதியாக வருத்தியதில்லை. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குப் படைவீடு அமைத்த நாள் தொட்டுச் சென்னைப் படையோடு வந்த சிப்பாய்களும், ஒப்பந்தக்காரரும், சமையற்காரரும், தையற்காரருமாகத் தமிழ்க் குடும்பங்கள் பல இந்தத் ‘தண்டு’ப் பகுதியில் வேரூன்றிவிட்டன. தெருமுனையில் தமிழ், கடையில் தமிழ், கோயிலில் தமிழ். இல்லாதது ஒன்றே ஒன்று: கடல். அது நெடுந்தொலைவுக்கு அப்பால் இருக்கிறது.

நம் அண்டை வீட்டில் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் வாழ்கிறார். தமிழை நம்மினும் சரளமாகப் பேசுவார். ஒரு நாள் மாலை திண்ணையில் அமர்ந்திருந்தபோது, தம் இளமையில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு டப்பாவில் அடைத்த சிப்பி இறைச்சி வந்ததையும், அதைத் தம் தாயார் மாவுக் கிண்ணங்களில் இட்டுச் சுட்டுத் தந்ததையும் சுவைபடக் கூறிவிட்டு, நம் அன்னையாரை நோக்கி, “அம்மா, நீங்கள் பழவேற்காட்டில் பிறந்தவர் ஆயிற்றே, சிப்பி சாப்பிட்டிருப்பீர்களே?” என்று வினவினார். அன்னையார், “அதெல்லாம் இல்லாதவர்கள் தின்பது, ஐயா” என்று கூறிவிட்டு உள்ளே சென்றுவிட்டார்.

அன்றிரவு அடுக்களையில் அவர் வேறு கதை சொன்னார். ஏரியில் நீர் வற்றும் வேளையில், சிறுமியாக இருந்த தாம் தம் பாட்டியுடன் சேற்றுத் திட்டுகளுக்குச் சென்றதும், இரும்புத் துண்டால் சிப்பிகளைத் தட்டிப் பெயர்த்ததும், காலில் ஓடு கீறிக் குருதி வழிந்ததும், வீட்டுக்கு வந்து பனையோலை நெருப்பில் சிப்பிகளைப் பரப்பி அவை வாய் திறக்கும் வரை காத்திருந்ததும் ஒவ்வொன்றாக வந்தன. முடிவில், “இதையெல்லாம் வெளியே சொல்லிக்கொள்வார்களாடா?” என்றும் கேட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் மகனாக இருந்தும் இச்செய்தி நமக்கு அன்றுதான் தெரிந்தது. சொல்ல நாணும் அளவுக்கு இவ்வுணவு என்ன பிழை செய்தது என்னும் வினாவே இவ்வரலாற்றைத் தேட நம்மைத் தூண்டியது.

சிப்பி என்றவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றுவது முத்தே. பாண்டியரின் கொற்கைத் துறை முத்தால் புகழ் பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கையில் முத்துக் குளிக்கும் வேலை தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடைபெற்றது என்று குறிக்கிறது. பிற்காலத்தில் மார்க்கோ போலோவும் இக்கரையின் முத்துக்குளிப்பை விரித்துரைத்தார். கடலடியிலிருந்து எடுத்த சிப்பிகளைக் ‘கொட்டு’ எனப்படும் அடைப்புகளில் குவித்து அழுகவிடுவர். இறைச்சி முழுதும் அழுகிக் கரைந்தபின் கழுவி முத்தைப் பொறுக்குவர். அந்நாற்றம் நெடுந்தொலைவுக்கு வீசும். இலட்சக் கணக்கான சிப்பிகளின் இறைச்சி இங்ஙனம் மண்ணாயிற்று. தூத்துக்குடியில் இறுதி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டில் நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவில் விளையவில்லை.

ஆனால் நேயர்கள் இங்கு ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். முத்துச் சிப்பி வேறு, உண்ணும் சிப்பி வேறு. முத்துச் சிப்பி நூல் போன்ற இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும். உண்ணும் சிப்பியோ தன் இடப்பக்க ஓட்டையே பாறையோடு சாந்திட்டாற்போல ஒட்டிக்கொள்ளும்; அந்த ஓடு கிண்ணம்போல் குழிந்திருப்பதால்தான் இறைச்சியும் அதன் சாறும் சிந்தாமல் அதிலேயே தங்குகின்றன. எண்ணூர், பழவேற்காடு, அடையாறு முதலிய கழிமுகங்களில் வளரும் இச்சிப்பிக்கு 1916இல் பிரெஸ்டன் என்னும் ஆய்வாளர் பெயரிட்டபோது சென்னையின் பெயரையே சூட்டினார். ‘மெட்ராசென்சிஸ்’ என்பது அது. அறிவியல் உலகில் நம் தலைநகரின் பழம்பெயரைத் தாங்கி நிற்கும் உணவுப் பொருள் இது. சென்னையிலேயே பலர் இதனை அறியார்!

இதன் ஓட்டை மட்டும் நாம் வீணாக்கவில்லை. கிளிஞ்சல்களையும் சிப்பி ஓடுகளையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையில் தடவினோம், சுவரில் பூசினோம். பளிங்கு போல் மின்னிய சென்னைச் சுண்ணச் சாந்தைக் கண்டு ஐரோப்பியர் வியந்தனர். முத்து அரசர்க்கும் செல்வர்க்கும், ஓடு மாளிகைச் சுவர்க்கும் என்றானபின், எஞ்சிய இறைச்சி கழிக்கரையில் வாழும் ஏழைப் பெண்களின் உலைக்குச் சென்றது. அன்னையாரின் நாணம் இங்கே பிறந்ததுதான் போலும்.

மேனாட்டில் கதை வேறு. நம் முத்துகளுக்குப் பொன்னை வாரி இறைத்த அதே ரோமானியர் சிப்பி இறைச்சிக்கும் பித்தர்களாக இருந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ஜியஸ் ஒராட்டா என்பவர் இத்தாலியில் லுக்ரினஸ் ஏரியில் சிப்பிப் பண்ணை அமைத்துப் பெரும்பொருள் ஈட்டினார் என்று பிளினி எழுதுகிறார். இந்தியாவுக்கு ரோமாபுரியின் செல்வம் ஒழுகுகிறதே என்று வருந்தியவரும் இப்பிளினியே. இங்கிலாந்திலோ சிப்பி நெடுங்காலம் எளியோர் உணவாக இருந்தது. 1836-37இல் வெளிவந்த ‘பிக்விக்’ நவீனத்தில், வறுமை மிகுந்த தெருக்களில்தான் சிப்பிக் கடைகள் மிகுதி என்று பாத்திரம் ஒன்று பேசும்படி டிக்கன்ஸ் எழுதினார். பின்னர் அளவின்றி வாரியதாலும் ஆறுகள் மாசுற்றதாலும் சிப்பி அருகியது; அருகியவுடன் விலை ஏறியது; விலை ஏறியவுடன் அது சீமான்கள் உணவாயிற்று. உணவுக்கு உயர்வு தாழ்வு கற்பிப்பது நாவா, பணப்பையா என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர், பக்கத்துக் கழியில் புதியது இருக்கக் கப்பலில் வந்த டப்பா உணவையே பெரிதாக மதித்தனர். ‘வைவர்ன்’ என்னும் புனைபெயரில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் 1878இல் சென்னைக்கென்றே எழுதிய சமையல் நூலில் இம்மோகத்தை எள்ளி நகையாடியுள்ளார். நம் அண்டை வீட்டுப் பெரியவர்தம் கிறிஸ்துமஸ் நினைவும் அம்மரபின் எச்சமே. இதை அவரிடம் சொன்னோம்; சிரித்தார்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மனுக்குத் துணையாக இலங்கை முத்துப் பார்களை ஆராய வந்த இவர், பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து அதன் இயக்குநராகவும் விளங்கினார். பிரான்சு நாட்டின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் மக்கள் சிப்பி வளர்க்கும் முறையை ஆராய்ந்து, அதிலிருந்து இந்தியா கற்க வேண்டியவற்றை 1910இல் தனி அறிக்கையாக வெளியிட்டார். அங்கே கூரை ஓடுகளுக்குச் சுண்ணாம்பு பூசி நீரில் அடுக்குவர்; நீரில் மிதந்து திரியும் சிப்பிக் குஞ்சுகள் அவ்வோடுகளில் வந்து ஒட்டிக்கொள்ளும்; சற்றே வளர்ந்தபின் அவற்றைச் சுரண்டி எடுத்துப் பண்ணையில் இடுவர். அக்காலத்திலேயே ஹார்னெல் பழவேற்காட்டில் சிப்பிப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். நம் அன்னையாரின் பாட்டி அப்போது சிறுமியாக இருந்திருப்பார்.

ஹார்னெலின் முயற்சி மக்களிடையே வேரூன்றவில்லை. 1970களில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் அதனை மீண்டும் கையில் எடுத்தது. அங்கும் சுண்ணாம்பு பூசிய ஓடுகளே உதவின. 1982இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கும் முறையும் கைகூடியது. ஆனால் 1993 முதல் இத்தொழில் நன்கு தழைத்தது நம் மாநிலத்திலன்று. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில். அங்கு வெற்றுச் சிப்பி ஓடுகளைக் கயிற்றில் கோத்து மூங்கிற் சட்டங்களிலிருந்து நீரில் தொங்கவிடுகின்றனர். தீனி இட வேண்டியதில்லை. நீரில் வருவதைச் சிப்பியே வடிகட்டி உண்டு சில மாதங்களில் விற்பனைக்கு உரிய அளவை அடைகிறது. இத்தொழிலில் பெண்கள் பலர் ஈடுபட்டுள்ளனர்.

வடிகட்டி உண்பதே சிப்பியின் சிறப்பு. அதுவே அதன் இடர்ப்பாடும். ஒரு சிப்பி ஒரு மணி நேரத்தில் பல லிட்டர் நீரைத் தன்னுள் செலுத்துகிறது. நீர் தூயதாயின் சுவை கிட்டும். கெட்டதாயின் அக்கேடெல்லாம் இறைச்சியில் சேரும். எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகப் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் படர்ந்து மீனவர் படகுகளையும் வலைகளையும் கருமையாக்கியது. அத்தகைய நீரில் விளைந்த சிப்பியை எவரும் உண்ணத் துணியார். ஆகவே நல்ல நீரில் வளர்ந்து, தூய கடல்நீர்த் தொட்டியில் ஒரு நாள் அளவேனும் வைத்துக் கசடு நீக்கிய சிப்பியையே வாங்க வேண்டும். நம் வெப்ப நாட்டில் பச்சையாக உண்பதைத் தவிர்ப்பதும் அறிவுடைமை. ஆங்கிலப் பெயரில் ‘ர’கர எழுத்து வரும் மாதங்களில் மட்டுமே சிப்பி உண்ணலாம் என்னும் மேனாட்டு வழக்கு, கோடையில் சிப்பி இனம் பெருக்கும் குளிர்நாட்டுக் கடலுக்கு உரியது, நம் கடலுக்குப் பொருந்தாது.

உண்ணும் முறைகளோ பல. பிரெஞ்சுக்காரர் பனிக்கட்டி மேல் பரப்பிய பச்சைச் சிப்பியில் எலுமிச்சம் சாற்றையோ, நறுக்கிய சிறுவெங்காயம் ஊறிய காடியையோ விட்டு உறிஞ்சுவர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் ‘ஆந்துவான்’ உணவகத்தார் 1899இல் கீரைப் பசுமையும் வெண்ணெயும் மேலிட்டுச் சுட்ட சிப்பிக்கு, அதன் செழுமை கருதிக் கோடீசுவரர் ராக்பெல்லரின் பெயரைச் சூட்டினர். ஜப்பானியர் ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பர். சிங்கப்பூர், பினாங்கு வாழ் தமிழர், சீனர் கடைகளில் சிப்பி கலந்த முட்டையடையைக் கண்டிருப்பர். பம்பாய்ப் பக்கத்து நேயர்கள் கொங்கணக் கரையோரின் ‘கால்வ’ மசாலாவை அறிவர். நம்மைக் கேட்டால், ராக்பெல்லர் பெயர் தாங்கியதைவிடக் கொங்கணத்தார் முறையே மேல் என்போம். வெண்ணெய் சிப்பியின் கடல் மணத்தை மூடிவிடுகிறது, தேங்காய் அதனைத் தாங்கி நிற்கிறது.

சென்ற மாதம் கொல்லத்திலிருந்து நண்பர் ஒருவர் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் வந்தபோது, அஷ்டமுடிச் சிப்பியின் இறைச்சியைப் பனிக்கட்டியில் பொதிந்து கொணர்ந்தார். நாம் அதை அன்னையாரிடம் காட்டியபோது அவர் ஒன்றும் கூறவில்லை. புடைவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நம் மனைவியாரை விலகச் சொன்னார். நல்லெண்ணெயில் சிறுவெங்காயமும் பூண்டும் கறிவேப்பிலையும் வதங்கின. மஞ்சளும் இடித்த மிளகும் சேர்ந்தன. இறுதியாகச் சிப்பியை இட்டு இரண்டு மூன்று நிமிடம் மட்டுமே புரட்டினார். கூடுதலாக வெந்தால் தோல்போல் ஆகிவிடுமாம். ஓரங்கள் சுருளத் தொடங்கியதும் இறக்கினார். ஒரு பிடி தேங்காய்த் துருவலை மேலே தூவினார்.

முதல் தட்டு நமக்கு வரும் என்று எதிர்பார்த்தோம். அது பேரன் கையில் அண்டை வீட்டுப் பெரியவர்க்குச் சென்றது. “எங்கள் ஊர்ப் பக்குவம் என்று சொல்லிக் கொடு” என்றார் அன்னையார். பிறகு தாமும் ஒன்றை எடுத்து வாயிலிட்டு மென்று பார்த்து, “உப்புக் கொஞ்சம் தூக்கல். எங்கள் ஏரிச் சிப்பியாக இருந்தால் உப்பே போட்டிருக்க மாட்டேன்” என்றார்.